கல்லின் பிறப்பை வீட்டிலிருந்து அறியலாகுமா?

ஒரு ரத்தினம் மெய்யானதா, பொய்யானதா என்று கேட்பது ரத்தின வியாபாரத்தின் வயதையே தன் வயதாகக் கொண்ட கேள்வி. அரசனின் கருவூலத்துக்குள் வரும் மணிகளைப் பரீக்ஷித்து ஏற்பதற்கென்றே கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. வராகமிகிரரின் பிருஹத்சம்ஹிதையும், புத்தபட்டரின் ரத்னபரீக்ஷையும், அகஸ்தியர் பெயரால் வழங்கும் அகஸ்திமதமும் மணிகளின் குணங்களையும் தோஷங்களையும் விரித்துரைக்கின்றன. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையோ, மதுரையின் ரத்தினக் கடைவீதியை வருணிக்குமிடத்தில், வைரத்தின் குற்றங்களையும் மரகதத்தின் குற்றங்களையும் பகுத்தறிந்து விலக்க வல்லோரை நமக்குக் காட்டுகிறது. ரோமாபுரியில், கி.பி. முதல் நூற்றாண்டில், பிளினி தம் பெருநூலின் 37-ஆவது பகுதியை மணிகளுக்கே ஒதுக்கி, ஸ்படிகத்துக்கு நிறமேற்றி மரகதமாக்கும் வித்தையைச் சொல்லும் நூல்கள் உண்டென்றும், அவற்றை எழுதியவர்களின் பெயரைத் தாம் சொல்லப் போவதில்லை என்றும் எழுதினார். இந்தியர்கள் ஸ்படிகத்துக்குச் சாயமேற்றிப் பலவகை மணிகளைப் போலியாகச் செய்வதாகப் போகிற போக்கில் ஒரு குற்றச்சாட்டையும் பதிவு செய்தார்.

இத்தனை பழமையான கேள்வி இன்று சாமானியர் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸும், புற ஊதாக் கதிர் வீசும் சிறு டார்ச் விளக்கும், கிராமின் நூறில் ஒரு பங்கை நிறுக்கும் மின் தராசும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்ற காரணத்தால், பரம்பரையாக வந்த மோதிரத்தையோ, யாத்திரையில் வாங்கிய தனிக் கல்லையோ மேஜைமீது வைத்துக்கொண்டு, அது இயற்கையில் விளைந்ததா, உலையில் விளைந்ததா என்று தாமே நிர்ணயித்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதில் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை.

இரண்டு வினாக்கள்

விவகாரத்தில் உள்ள குழப்பத்தின் பெரும்பகுதி, வெவ்வேறான இரண்டு வினாக்களை ஒன்றாகக் கொள்வதால் விளைவது. வண்ணக் கண்ணாடியை மாணிக்கம் என்பதும், மேலே மெல்லிய கார்னெட் தகடும் கீழே நீலக் கண்ணாடியுமாக ஒட்டிய இரட்டைக் கல்லை நீலம் என்பதும், கியூபிக் ஸிர்கோனியாவை வைரம் என்பதும் பொருளிலேயே வேறான ஒன்றைக் காட்டி ஏமாற்றுவதாகும், இவை போலிகள். செயற்கை மாணிக்கம் இந்த வகுப்பைச் சேர்ந்ததன்று. அது மாணிக்கமேதான்: அதே அலுமினியம் ஆக்ஸைடு, சிவப்பைத் தரும் அதே குரோமியம், அதே படிக அமைப்பு, பிறந்த இடம் ஒன்றே வேறு. பண்டைய சாஸ்திரங்கள் எதிர்கொண்டது 'பொருள் எது?' என்னும் முதல் வினாவை. 'பிறந்தது எங்கே?' என்னும் இரண்டாவது வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் எழவே இல்லை.

1877-இல் ஃப்ரெமி, ஃபெயில் என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள் மூசையில் சிறு மாணிக்கப் படிகங்களை விளைவித்தார்கள். 1880-களில் 'ஜெனீவா மாணிக்கம்' என்ற பெயரில் சந்தைக்கு வந்த கற்கள் பாரிஸ் வணிகர்களைக் கலக்கமுறச் செய்தன. 1902-இல் ஒகுஸ்த் வெர்னுயி அறிவித்த முறையே உலகை மாற்றியது: நுண்ணிய அலுமினாப் பொடியைச் சிறிது குரோமியம் ஆக்ஸைடோடு கலந்து, ஏறக்குறைய 2,050 பாகை செல்சியஸில் உருகும்படி ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் சுவாலையின் வழியே தூவினால், உருகிய துளிகள் கீழே ஒரு தண்டின் முனையில் படிந்து படிந்து, சில மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான காரட் எடையுள்ள ஒற்றைப் படிகமாக வளர்ந்து நிற்கும். 1910-ஐ ஒட்டி நீலமும் இவ்வழியே வந்தது. பின்னர் ஸ்பினெல் வந்தது. கைக்கடிகாரங்களுக்குள் இருந்த சிவப்புக் கற்கள் இவ்வாறு பிறந்தவையே. தமிழ்நாட்டுக்கும் இத்தொழிலோடு பழைய உறவுண்டு. சுவிஸ் கூட்டுறவுடன் மேட்டுப்பாளையத்தில் இக்கற்களை வார்க்கும் ஆலை இயங்கியதும், திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த ஊர்களில் அவற்றுக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகப் பரவியதும் பலர் அறிந்தவை.

இந்தச் சரித்திரத்திலிருந்து கிடைக்கும் முதற்பயன் ஒன்றுண்டு. 'பாட்டி காலத்து நகை, ஆகவே கல் அசல்' என்ற வாதத்துக்கு அஸ்திவாரமில்லை; பாட்டியின் கல்யாணம் 1930-இல் நடந்திருந்தால், அப்போது உலைக் கல் கடைக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. 'சுரங்கத்து ஊரிலேயே வாங்கியது' என்ற வாதமும் அவ்வாறே; வெர்னுயி கட்டிகளை உடைத்து, ஆற்றுக்கூழாங்கல்போல் தேய்த்து, இலங்கையின் இரத்தினபுரி போன்ற இடங்களில் அசல் முரட்டுக் கற்களோடு கலந்து யாத்திரிகரிடம் விற்பது நெடுநாளைய வழக்கம்.

புலன்களை நம்பியோர்

மிகப் பழைய கட்சி, கண்ணும் கையும் நாவும் போதும் என்பது. மெய்யான மணி வாயிலிட்டால் அதிகக் குளிர்ச்சியாக இருக்கும், கையில் அதிகம் கனக்கும் என்று பிளினி எழுதினார். நீலக்கல்லைப் பாலிலிட்டால் பால் நீலமாகத் தோன்ற வேண்டும் என்பது நம் நாட்டில் இன்றும் வழங்கும் சோதனை. வைரத்தின்மேல் மூச்சை ஊதி, படிந்த பனி எவ்வளவு விரைவில் மறைகிறது என்று பார்ப்போரும் உண்டு.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒருசேரத் தள்ளுவது நியாயமாகாது. படிகங்கள் பொதுவாகக் கண்ணாடியைவிட விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் குளிர்ச்சிச் சோதனைக்குப் பௌதிக ஆதாரம் இருக்கிறது; வைரம் எல்லாவற்றிலும் சிறந்த வெப்பக் கடத்தியாதலால் மூச்சுச் சோதனைக்கும் அது இருக்கிறது. பால் சோதனையின் நிலை வேறு. ஆழ்ந்த நிறமுள்ள எந்தத் தெளிந்த பொருளும், மருந்துப் புட்டியின் நீலச் சில்லு உட்பட, பாலுக்குத் தன் சாயலைத் தரும். ஆனால் மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்றுதான்: அவை கண்ணாடியைக் காட்டிக்கொடுக்கலாம், செயற்கைக் கல்லைக் காட்டிக்கொடுக்க அவற்றால் இயலாது. உலையில் பிறந்த மாணிக்கமும் நாவில் அதே அளவு குளிரும்.

இந்தக் கட்சியின் மற்றோர் ஆயுதம் கீறிப் பார்ப்பது. ரத்தின சாஸ்திரங்கள் காரத்தாலும், கீறலாலும், சாணையாலும் மணியைச் சோதிக்கச் சொல்கின்றன. மாணிக்கத்தையும் நீலத்தையும் வைரமும், அவ்விரு மணிகளும் சேர்ந்த இனமாகிய குருந்தமும் அன்றி வேறெதுவும் கீறாது என்ற கருத்தும் அவற்றில் உண்டு. 1812-இல் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்துக்குப் பத்தும் குருந்தத்துக்கு ஒன்பதும் கிடைத்ததை நோக்க, அவதானிப்பில் பிழையில்லை. ஆயினும் செயற்கைக் குருந்தத்துக்கும் அதே ஒன்பதுதான். சோதனையால் ஒன்றும் தெரியாமற்போவதோடு கல்லின் பட்டை முனையும் உடையக்கூடும் என்பதால், வீட்டில் இதை ஒருவரும் செய்யாதிருப்பதே உத்தமம்.

அளவைகளை நம்பியோர்

பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி மணிகளின் ஒப்படர்த்தியை நீரில் அமிழ்த்திக் கணித்த காலத்திலிருந்து, கல்லை அதன் நிறத்தால் அறியாமல் எண்ணால் அறிய வேண்டும் என்ற கட்சி வலுத்து வந்தது. அதன் வீட்டு வடிவம் எளிது. மின் தராசின்மேல் நீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொண்டு, நூலில் கட்டிய கல்லை அடியிலோ பக்கத்திலோ படாமல் நீருக்குள் தொங்கவிட்டால், தராசு காட்டும் எண் கல் விலக்கிய நீரின் எடை. கல்லின் எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. ஒரு கிராம், அதாவது ஐந்து காரட் எடையுள்ள கல் குருந்தமாயின் 0.25 என்று காட்டும், ஸ்பினெலாயின் 0.28, படிகக்கல்லாயின் 0.38, சாதாரணக் கண்ணாடியாயின் 0.40-ஐ ஒட்டி நிற்கும். பிழை 0.01 என்று கொண்டாலும் இவ்வளவு பெரிய கல்லில் நிர்ணயம் கெடாது. கல் ஒரு காரட்டாகச் சுருங்கினால் விலக்கப்படும் நீர் 0.05 கிராம், அதே பிழை இப்போது ஐந்தில் ஒரு பங்காகிவிட, கிடைக்கும் எண் எதற்கும் உதவாது. மோதிரத்தில் பதித்த கல்லுக்கு இம்முறையே இல்லை.

ஒளியைக் கொண்டு அளப்பதற்கும் வீட்டில் வழியுண்டு. கணினித் திரையின் வெண்மையான பக்கம் துருவப்பட்ட ஒளியைத் தருவதால், அதன்முன் கல்லைப் பிடித்து, துருவக் கண்ணாடி ஒன்றைச் சுழற்றித் திரை இருளும் நிலையில் நிறுத்தி, கல்லைத் திருப்பிக்கொண்டே பார்த்தால், குருந்தமும் மரகதமும் படிகக்கல்லும் மாறி மாறி ஒளிர்ந்து இருளும். கண்ணாடி பெரும்பாலும் இருண்டே இருக்கும். செயற்கை ஸ்பினெல் இதில் புலிவரிபோன்ற ஒழுங்கற்ற நிழல்களைக் காட்டுவதுண்டு.

இக்கட்சியின் பலவீனம் அதன் பலத்திலேயே அடங்கியிருக்கிறது. கல் இன்ன பொருள் என்பதை எண் சொல்லும். எங்கே பிறந்தது என்பதைச் சொல்லாது. இயற்கை மாணிக்கத்தின் ஒளிவிலகல் எண் 1.762 முதல் 1.770 வரை என்றால், வெர்னுயி மாணிக்கத்தினதும் அதுவே. விதிவிலக்குகள் சில உள: இயற்கை ஸ்பினெல் பெரும்பாலும் 1.718-ஐ ஒட்டியும், சுவாலையில் வளர்ந்தது 1.728-ஐ ஒட்டியும் நிற்கும்; உருகிய உப்புக் குழம்பில் வளர்த்த மரகதம் இயற்கை மரகதத்தைவிட எண்ணில் சற்றுத் தாழும். ஆனால் இவற்றை அளக்கும் ஒளிவிலகல்மானி வீட்டுப் பொருளன்று. இந்த வித்தியாசங்களும் எல்லாச் செயற்கைக் கற்களிலும் காணப்படுவதில்லை.

கல்லின் உள்ளே பார்த்தவர்கள்

மூன்றாவது கட்சியே இவ்வினாவின் இதயத்துக்கு மிக அருகில் வந்தது. ஜெனீவா மாணிக்கங்களை ஆராய்ந்தவர்கள் நுண்நோக்கியின் கீழ் அவற்றுள் வட்டமான வாயுக் குமிழிகளைக் கண்டார்கள். உருகிய பொருள் உறையும்போது காற்று சிறைப்படுவதன் அடையாளம் அது. வெர்னுயி கல்லில் மற்றோர் அடையாளமும் சேர்ந்தது. துளித்துளியாகப் படிந்து வளரும் கட்டியின் மேற்பரப்பு குவிந்திருப்பதால், வளர்ச்சியின் ஒவ்வோர் அடுக்கும் வளைந்த ரேகையாகக் கல்லுக்குள் நின்றுவிடுகிறது. பூமியில் வளரும் குருந்தமோ சமமான முகங்களோடு வளர்வதால் அதன் நிறப்பட்டைகள் நேராகவும், ஒன்றையொன்று 120 பாகைக் கோணத்தில் சந்திப்பனவாகவும் இருக்கும். நேர்க்கோடு மண்ணுக்கு, வளைகோடு உலைக்கு என்ற இந்த ஒரு விதி, நூற்றிருபது ஆண்டுகளாகச் சோதனையாளருக்குக் கைகொடுத்து வருகிறது. சுவிட்சர்லாந்தின் லுசர்ன் நகரத்து எட்வர்ட் கூபெலின், கற்களுக்குள் சிக்கிய உட்பொதிவுகளை ஆயிரக்கணக்கில் படமெடுத்து, 1953-இல் வெளியிட்ட நூலின் வாயிலாக அவற்றின் ஆராய்ச்சியை ஒரு தனிச் சாஸ்திரமாகவே நிலைநாட்டினார்.

இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தைக் குறிக்காமல் செல்ல மனமில்லை. காகபாதம் என்றும், விந்து என்றும், இரேகை என்றும் பண்டைய சாஸ்திரங்கள் தோஷமாக எண்ணி விலக்கச் சொன்ன கறைகளே இன்று கல்லின் ஜாதகமாகிவிட்டன. ரூட்டைல் என்னும் கனிமத்தின் மெல்லிய ஊசிகள் மூன்று திசைகளில் ஒன்றையொன்று வெட்டிக் கிடந்து பட்டுப்போல் மினுங்குமாயின், பழைய நூலோன் முகம் சுளித்திருப்பான். இன்றைய சோதனையாளன் மகிழ்கிறான். மாசற்ற கல்லே இன்று மிகுந்த சந்தேகத்துக்கு உரியது.

வீட்டில் இதைச் செய்வோர் கவனிக்க வேண்டியவை சில. கல்லை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் நீரிலோ, அதனினும் நன்றாகக் கிளிசரினிலோ அமிழ்த்தி, பின்புறத்திலிருந்து பரவலான ஒளி வரச்செய்து, எல்லாத் திசைகளிலும் திருப்பிப் பார்க்க வேண்டும். அமிழ்த்துவதால் மேற்பரப்பின் பளபளப்பு அடங்கி, உள்ளிருக்கும் ரேகை தெரியத் தொடங்கும். இரட்டைக் கல்லாயின் பக்கவாட்டில் ஒட்டுக்கோடும் தெரிந்துவிடும். வளைகோடு மாணிக்கத்தில் ஓரளவு எளிதாகவும், நீலத்தில் அகன்ற பட்டைகளாகவும் தென்படும். மஞ்சள் புஷ்பராகமாக விற்கப்படும் செயற்கைக் குருந்தத்தில் தேர்ந்தவர் கண்ணுக்கும் எளிதில் அகப்படாது. பட்டை தீட்டும்போது மேலே விழுந்த கீறல்களை உள்ளிருக்கும் ரேகையாக எண்ணிவிடுவது புதியவர் அடிக்கடி செய்யும் பிழை. மெருகுக் கீறல் ஒரு முகத்தோடு நின்றுவிடும், வளர்ச்சி ரேகை முகங்களைக் கடந்து ஓடும். தென்னிந்தியக் கெம்பு நகைகளில்போல் பின்புறம் தகட்டால் மூடிக் கட்டிய கல்லுக்குள் ஒளி புகாததால், அங்கே லென்ஸ் பாதிக் குருடாகிவிடுகிறது.

இக்கட்சியைத் திணறச் செய்தவை உருகிய உப்புக் குழம்பிலும் உயர் அழுத்த நீரிலும் மெல்ல வளர்த்த கற்கள். 1930-களில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் கரோல் சாத்தம் விளைவித்த மரகதம் பல மாத காலம் வளர்ந்தது. அதற்குள் மாட்டிக்கொண்ட குழம்பின் எச்சங்கள் முறுக்கிய திரைபோல் பரவி, இயற்கைக் கல்லில் ஆறிய வெடிப்புகள் தரும் தோற்றத்தை அப்படியே ஒத்திருக்கும். மூசையிலிருந்து பெயர்ந்த பிளாட்டினத் துணுக்கொன்று கண்ணில் பட்டால் வழக்கு முடிந்தது; படாவிட்டால் பத்து மடங்கு லென்ஸ் போதாது. வெர்னுயி கல்லையே சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்து, உள்ளே வெடிப்பு வலைகளை உண்டாக்கி, 'மாசுள்ள அசல்' என்று விற்பதும் உண்டு. செவ்வந்திக்கல்லான அமெதிஸ்டில் துருவ ஒளியில் தெரியும் இரட்டைப்படிக அமைப்பு இயற்கைக்குச் சாட்சி என்று சில காலம் கொள்ளப்பட்டது. அவ்வமைப்போடு கூடிய செயற்கைக் கற்களும் வந்த பின்னர் அந்தச் சாட்சியின் பெறுமதி குன்றிற்று.

கதிரும் வடிகட்டியும்

புற ஊதா விளக்கைப் பற்றி மிகைப்பட்ட நம்பிக்கை நிலவுகிறது. செயற்கை மாணிக்கம் அதன் கீழ் கனல்போல் சிவந்து ஒளிர்வது உண்மை. ஆனால் பர்மிய மாணிக்கமும் அவ்வாறே ஒளிரும். இரும்பு மிகுந்த தாய்லாந்து மாணிக்கம் மங்கியிருக்கும். ஆகவே கொழுந்துவிடும் ஒளிர்வு சந்தேகத்துக்கு இடமே அன்றித் தீர்ப்புக்கு இடமாகாது. செயற்கை நீலம் காட்டும் சுண்ணாம்பு வெண்பச்சை ஒளிர்வு பயனுள்ள குறிதான் என்றாலும், அதற்குக் குற்றலைக் கதிர் வேண்டும். மலிவான டார்ச் விளக்குகள் வீசுவது நெட்டலைக் கதிர். 1934-இல் லண்டனில் உருவான செல்ஸி வடிகட்டியின் வழியே மரகதம் சிவப்பாகத் தெரியும் என்பர். செயற்கை மரகதமும் சிவப்பாகவே, சில வேளை அசலைவிட நன்றாகவே, தெரிகிறது. கோபால்ட்டால் நிறமேற்றிய செயற்கை ஸ்பினெல் நீலக்கல்லாக விற்கப்படும்போது அதைக் காட்டிக்கொடுப்பதே அக்கருவி இவ்விஷயத்தில் செய்யும் மெய்யான சேவை.

வைரம்

வைரத்தில் நிலைமை தலைகீழ். போலிகளை வீட்டிலேயே பிடிப்பது இங்கே எளிது. 1970-களில் சோவியத் ரஷ்யாவிலிருந்து பரவிய கியூபிக் ஸிர்கோனியா அதே அளவுள்ள வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். 1990-களின் இறுதியில் வந்த மாய்ஸனைட் வெப்பம் அளக்கும் பேனாவை ஏமாற்றினாலும், இரட்டை விலகல் காரணமாக அதன் பின்முகங்களின் விளிம்புகள் லென்ஸின் கீழ் இரண்டிரண்டாகத் தெரியும். ஆனால் உண்மையான செயற்கை வைரத்தை, அதாவது 1954-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் உயர் அழுத்தத்தால் சாதிக்கப்பட்டதும், இன்று வாயுவிலிருந்து படியவைத்து வளர்க்கப்படுவதுமான வைரத்தை, வீட்டில் நிர்ணயிக்க நம்பத்தக்க முறை ஏதுமில்லை. பூமியில் நெடுங்காலம் கிடந்த வைரத்தில் நைட்ரஜன் அணுக்கள் கூட்டமாகச் சேர்ந்திருக்கும், ஆலை வைரத்தில் பெரும்பாலும் அப்படிச் சேர அவகாசமிராது என்பதே நிபுணர் பற்றும் நூல். அதைப் பற்றுவதற்கு நிறமாலைக் கருவி தேவை. உயர் அழுத்தத்தில் வளர்ந்த சில கற்கள் உள்ளே சிக்கிய உலோகத் துணுக்குகளால் வலிமையான காந்தத்துக்கு அசைவதுண்டு. அசையாத கல்லைப் பற்றிக் காந்தம் ஒன்றும் சொல்வதில்லை.

ஆய்வகத்தையே நம்புவோர்

இவற்றையெல்லாம் கண்டு சலித்த ஒரு கட்சி, வீட்டுச் சோதனையே வீண், சான்றிதழ் ஒன்றே பிரமாணம் என்கிறது. 1925-இல் லண்டனில் வளர்ப்பு முத்துகளைப் பிரித்தறியும் பொருட்டுத் தோன்றி ஆண்டர்சன் தலைமையில் வளர்ந்த ஆய்வகம் முதல், இராமன் விளைவைப் பயன்படுத்தும் இன்றைய ஆய்வகங்கள் வரை, அக்கட்சிக்கு ஆதரவாகச் சரித்திரம் நிற்கிறது. (வைரத்தின் ஒளிர்வில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த சர் சி. வி. இராமன் பிறந்ததும், செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் தழைத்ததும் அதே திருச்சிராப்பள்ளியில் என்பது காலம் செய்த வேடிக்கை.) எனினும் இவ்வாதம் முற்றும் ஏற்கத்தக்கதன்று. நூறு ரூபாய்க் கல்லுக்கு ஆயிரம் ரூபாய்ச் சான்றிதழ் எவரும் வாங்கமாட்டார். சாமானியர் கையில் மிகுதியாக அகப்படுபவையோ கண்ணாடியும், ஸிர்கோனியாவும், வெர்னுயி குருந்தமும். இவை மூன்றும் பொறுமையுள்ள கண்ணுக்கும் பத்து மடங்கு லென்ஸுக்கும் பெரும்பாலும் அகப்படக்கூடியவை.

இக்கட்டுரையாளரின் அபிப்பிராயத்தில், கட்சிகள் யாவும் போதிய அழுத்தம் தராத அம்சம் ஒன்றுண்டு: வீட்டுச் சோதனையின் நியாயம் ஒருபக்கச் சாய்வுள்ளது. ஒரு வளைகோடு, ஒரு கொத்து வாயுக் குமிழி, ஒரு பிளாட்டினத் துணுக்கு கண்டால் கல் செயற்கையென்றோ, குமிழி மட்டுமாயின் ஒருவேளை கண்ணாடியென்றோ துணிந்து சொல்லலாம். அவற்றைக் காணாமையால் கல் இயற்கை என்று சொல்ல முடியாது. தேடியவன் கண்ணின் வரம்பையே அது காட்டுகிறது. நேர்க்கோணப் பட்டைகளும், பட்டு ஊசிகளும், இனங்கண்ட கனிமப் படிகமும் ஒருங்கே தென்படும் அரிய தருணங்களில் மட்டுமே இயற்கையின் பக்கம் வலுவாகச் சாயலாம்.

தீராதவை

இயற்கைக் கல் என்று நிர்ணயித்தாலும் வினா ஓய்வதில்லை. 'கெவுடா' என்று வழங்கும் இலங்கையின் பால்நிறக் குருந்தத்தைத் தாய்லாந்தில் சூடாக்கி ஆழ்ந்த நீலமாக்கும் வழக்கம் 1970-களிலிருந்து பெருகியது. வெடிப்புகளை ஈயக் கண்ணாடியால் நிரப்பிய மாணிக்கங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தையை நிறைத்தன. பின்னதை அதன் நீல மின்னல்களாலும் தட்டைக் குமிழிகளாலும் லென்ஸ் கண்டுகொள்ளும். சூடாக்கும் வழக்கத்திலோ, குறைந்த வெப்பத்தில் சூடாக்கியதைப் பெரிய ஆய்வகங்களாலேயே எப்போதும் திட்டமாகச் சொல்ல இயலாது. 2018-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வைரத்தின் இலக்கணத்திலிருந்து 'இயற்கை' என்ற அடையை நீக்கிவிட்டமையால், பிறப்பு பற்றிய வினா பௌதிகத்தை விட்டு வணிக நியாயத்தின் எல்லைக்குள்ளும் சென்றுவிட்டது. 1960-ஐ ஒட்டி ஆஸ்திரியாவின் லெக்லைட்னர் வெளிறிய இயற்கை பெரில்மீது மெல்லிய செயற்கை மரகதப் படலத்தை வளர்த்துக் காட்டினார். அண்மையில் இயற்கை வைரத்தின்மேல் ஆலை வைரம் படர்ந்த கற்களும் ஆய்வகங்களுக்கு வந்திருக்கின்றன. அத்தகைய கல்லின் உட்பகுதியைப் பார்த்தவர் இயற்கைக்கும், மேற்பகுதியைப் பார்த்தவர் செயற்கைக்கும் சாட்சி சொல்வர். இருவரும் கண்டதையே சொல்வர். அதை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதற்கு லென்ஸிலும் விடையில்லை, நிறமாலைக் கருவியிலும் விடையில்லை.